ஒளி எலக்ட்ரானின் வேகம்: கணக்குக்கு முன் ஒரு கேள்வி

(முதுகலை இயற்பியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ஒளிமின் விளைவுக் கணக்குகளைக் கற்பித்தல். மதிய உணவு முடிந்த நேரம் என்பதால் விளக்கத்தில் தொடங்காமல் ஒரு கணக்கில் தொடங்குகிறேன். சீசியம் தகட்டின் மீது 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி படுகிறது. சீசியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.14 எலக்ட்ரான் வோல்ட். வெளிவரும் எலக்ட்ரானின் பெரும வேகம் என்ன? தயவுசெய்து பேனாவை எடுக்க வேண்டாம். மனதில் தோன்றுவதைச் சொல்லுங்கள். நொடிக்குப் பத்து மீட்டரா? மோட்டார் சைக்கிள் வேகமா? ராக்கெட் வேகமா? ஒளியின் வேகத்தில் பாதியா?

முன்வரிசையில் ஒருவர் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு என்கிறார். இன்னொருவர் பாதி என்கிறார். பின்னால் ஒருவர், "கணக்குப் போட்டுத்தான் சார் சொல்ல முடியும்" என்கிறார். அவர் சொன்னதுதான் நேர்மையான பதில். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பாடத்தை நடத்துபவர்கள் நாம். நம்மிடமே இந்த வேகம் எவ்வளவு இருக்கும் என்ற உத்தேசம் இல்லையென்றால், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் எப்படி இருக்கும்? அந்தப் பிள்ளைக்கு விடை என்பது கணக்கின் கடைசி வரியில் எழுதி அடிக்கோடு போட வேண்டிய ஓர் எண், அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரையாண்டுத் தேர்வில் இதே போன்ற கணக்குக்கு ஒரு மாணவன் எழுதிய விடை 1.45 × 10¹⁵ மீட்டர்/வினாடி. சமன்பாடு சரி. ஃபோட்டானின் ஆற்றல் 3.10, வெளியேற்று ஆற்றல் 2.14, மீதி 0.96. அதுவும் சரி. அந்த 0.96 எலக்ட்ரான் வோல்ட்டை ஜூலாக மாற்றாமல், அப்படியே இரண்டால் பெருக்கி எலக்ட்ரானின் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்துவிட்டான். நான் என்ன செய்தேன்? விடைக்குறிப்பைப் பார்த்தேன். வாய்ப்பாட்டுக்கு மதிப்பெண், பிரதியிடலுக்கு மதிப்பெண், கடைசி விடை தவறு, அரை மதிப்பெண் குறைவு. அடுத்த தாளைப் புரட்டினேன்.

அன்றிரவு ஏதோ தோன்றி அந்த எண்ணைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன். அந்த வேகம் ஒளியின் வேகத்தைப் போல் 48 லட்சம் மடங்கு. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்சிமா சென்டாரி. அங்கே போக ஒளிக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். என் மாணவனின் எலக்ட்ரான் அரை நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும்! ஒளியை விட வேகமாக எதுவும் போக முடியாது என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவனும் அதைக் கேட்டிருக்கிறான். ஒரு பக்கம் அதை நம்பிக்கொண்டே மறுபக்கம் இந்த விடையை எழுத அவனால் முடிந்தது, அதற்கு இரண்டரை மதிப்பெண் போட என்னாலும் முடிந்தது. தவறு அலகு மாற்றத்தில்தான் இருக்கிறது என்று நாம் சொல்லிவிடுகிறோம். அலகு மாற்றத்தில் எவரும் தவறலாம். தவறிய பிறகு வந்த விடையைப் பார்த்தும் அவனுக்கும் எனக்கும் எதுவும் உறுத்தவில்லையே, எனக்கு அதுதான் கவலை.

எனவே இந்தப் பாடம் தொடங்கும் முதல் நாளிலேயே ஓர் எண்ணைக் கரும்பலகையின் மேல் மூலையில் எழுதிவிடுகிறேன். பாடம் முடியும் வரை அதை அழிக்க விடுவதில்லை. 1 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றல் உள்ள எலக்ட்ரானின் வேகம் 5.93 × 10⁵ மீட்டர்/வினாடி. நொடிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்க்கோட்டில் போனால் 600 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆக, 1 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் ஒரு நொடியில் ஏறக்குறைய தமிழ்நாட்டின் நீளத்தைக் கடக்கும். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் 500இல் ஒரு பங்கு. பாதியும் இல்லை, பத்தில் ஒன்றும் இல்லை.

இந்த ஓர் எண் போதும், மற்றவை அதிலிருந்து வரும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்பதால் 4 எலக்ட்ரான் வோல்ட் என்றால் வேகம் இருமடங்கு, கால் எலக்ட்ரான் வோல்ட் என்றால் பாதி. எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள இயக்க ஆற்றலுக்கு வர்க்கமூலம் எடுத்து 5.93 × 10⁵ ஆல் பெருக்கினால் வேகம் மீட்டர்/வினாடியில் வந்துவிடும். நாம் தொடங்கிய கணக்கைப் பார்ப்போம். 1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 1240ஐ 400 ஆல் வகுத்தால் 3.10. அதில் 2.14 போக 0.96. அதன் வர்க்கமூலம் 0.98. வேகம் 5.81 × 10⁵ மீட்டர்/வினாடி. பேனா தேவைப்படவில்லை.

பாடநூல் கணக்குகளில் படு ஒளி பெரும்பாலும் கண்ணுறு ஒளி அல்லது புற ஊதா. ஃபோட்டானுக்கு இரண்டிலிருந்து ஆறு எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் இருக்கும். உலோகங்களின் வெளியேற்று ஆற்றலும் இரண்டுக்கும் ஆறுக்கும் இடையில்தான். எனவே மிஞ்சுவது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டின் சிறு பகுதி முதல் நான்கு எலக்ட்ரான் வோல்ட் வரை. வேகம் 10⁵ என்ற அடுக்கில் இருக்கும், மிஞ்சிப்போனால் 10⁶ஐச் சற்றுத் தாண்டும். 10¹⁵ என்றோ 10² என்றோ வந்தால் எங்கோ வழுக்கியிருக்கிறோம். எக்ஸ் கதிர் வந்தால் கதை வேறு. 50,000 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலுக்கு நம் பழைய வாய்ப்பாடு ஒளியின் வேகத்தில் 0.44 பங்கு என்று சொல்லும், சார்பியல்படி அது 0.41 தான். கெட்டிக்காரப் பிள்ளை யாராவது கேட்டால் சொல்வதற்காக இதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

"தேர்வில் ஜூலில்தானே பிரதியிட வேண்டும், குறுக்குவழி எழுதினால் மதிப்பெண் போகாதா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. போகும். அதனால்தான் விடைத்தாளில் நீண்ட வழியையே எழுதச் சொல்கிறேன். ஆனால் எழுதுவதற்கு முன் ஓரத்தில் பென்சிலால் மூன்று எண்கள்: ஃபோட்டானின் ஆற்றல், வெளியேற்று ஆற்றல், மீதி. மூன்றும் எலக்ட்ரான் வோல்ட்டில். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. பிறகு முழுக் கணக்கையும் போட்டு வரும் விடை அந்தப் பென்சில் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

இது டியூஷன் சென்டர் உத்தி அல்ல. ஐன்ஸ்டைனே செய்தது. 1905இல் ஒளி குவாண்டம் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் எலக்ட்ரானின் வேகத்தைக் கணக்கிடவில்லை. எத்தனை வோல்ட் மின்னழுத்தம் வைத்தால் எலக்ட்ரான் வெளியேறுவது நின்றுபோகும் என்றுதான் கேட்டார். சரிபார்ப்பதற்காக வெளியேற்று ஆற்றலைச் சுழி என்று வைத்துக்கொண்டார். சூரிய ஒளியின் புற ஊதா எல்லைக்கு ஒத்த 1.03 × 10¹⁵ என்ற அதிர்வெண்ணைப் போட்டார். 4.3 வோல்ட் என்று வந்தது. லெனார்டு செய்த சோதனைகளில் கிடைத்த அளவோடு இது அடுக்கு அளவில் பொருந்துகிறது என்று குறிப்பிட்டார். அவ்வளவுதான். தசம இலக்கங்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. இன்று நாம் தேர்வில் அப்படி எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்!

துல்லியமாக அளந்தவர் மில்லிகன். சோடியம், பொட்டாசியம், லித்தியம் ஆகிய உலோகங்களை வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தியால் சீவிப் புதுப் பரப்பு வரச் செய்து, அதன் மீது வெவ்வேறு அதிர்வெண்களில் ஒளியைப் பாய்ச்சி நிறுத்து மின்னழுத்தத்தை அளந்தார். நேர்க்கோடு வந்தது. அதன் சாய்விலிருந்து 1916இல் பிளாங்க் மாறிலிக்கு அவர் கண்ட மதிப்பு 6.57 × 10⁻³⁴ ஜூல் வினாடி (அவர் எர்க்கில் எழுதினார், நான் மாற்றிச் சொல்கிறேன்). இன்றைய மதிப்பு 6.626. ஐன்ஸ்டைனின் சமன்பாடு சரி என்று நிறுவிய அதே கட்டத்தில், ஒளி துகள்களாக வருகிறது என்ற கருத்தை மில்லிகன் ஏற்கவில்லை என்பது வகுப்பில் சொல்லத் தக்க செய்தி. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். "அப்போ அவரும் சந்தேகப்பட்டாரா சார்?" என்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

இங்கே நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. மில்லிகன் அளந்தது வோல்ட், வேகம் அல்ல. பாடநூலில் நாம் கேட்கும் 'எலக்ட்ரானின் பெரும வேகம்' அந்த வோல்ட்டிலிருந்து வருவிக்கப்படும் எண். மாணவர்களோ நிறுத்து மின்னழுத்தம் ஒரு கணக்கு, பெரும இயக்க ஆற்றல் வேறொரு கணக்கு, பெரும வேகம் மூன்றாவது கணக்கு என்று மூன்று வாய்ப்பாடுகளாக மனப்பாடம் செய்கிறார்கள். சீசியம் கணக்கில் பெரும இயக்க ஆற்றல் 0.96 எலக்ட்ரான் வோல்ட் என்றால் நிறுத்து மின்னழுத்தம் 0.96 வோல்ட். அதே எண். எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகின் பெயருக்குள்ளேயே அது இருக்கிறது. இதைக் கண்டுகொண்ட நாளில் ஒரு மாணவன், "சார், இதுக்குப் போய் ரெண்டு பக்கம் எழுதினேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

அடுத்து, மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். வேகத்தை நேரடியாகக் கேட்காமல் விகிதமாகக் கேட்கும் கணக்குகள். போட்டித் தேர்வுகளில் இவைதான் அதிகம். ஓர் உலோகத்தின் பயன்தொடக்க அதிர்வெண்ணைப் போல் இருமடங்கு அதிர்வெண்ணுள்ள ஒளி படும்போது ஒரு பெரும வேகம், ஐந்து மடங்கு அதிர்வெண்ணுள்ள ஒளி படும்போது வேறொரு பெரும வேகம். இரண்டுக்கும் விகிதம் என்ன? இரண்டுக்கு ஐந்து என்று ஒரு கூட்டம் எழுதும். வர்க்கமூலம் நினைவுக்கு வந்தவர்கள் வர்க்கமூலம் இரண்டுக்கு வர்க்கமூலம் ஐந்து என்று எழுதுவார்கள். சரியான விடை ஒன்றுக்கு இரண்டு.

இதற்கு நான் பொருட்காட்சி நுழைவுச்சீட்டைத்தான் சொல்வேன். சீட்டு பத்து ரூபாய். உங்களிடம் இருபது ரூபாய் இருந்தால் உள்ளே செலவழிக்கப் பத்து மிஞ்சும். ஐம்பது இருந்தால் நாற்பது மிஞ்சும். கையில் கொண்டுபோனது இரண்டரை மடங்குதான், மிஞ்சியதோ நான்கு மடங்கு. வேகம் மிச்சத்தைப் பொறுத்தது, அதனால் நான்கின் வர்க்கமூலம், இரண்டு. ராட்டினத்தில் ஏறுவதற்கு மிச்சக் காசுதான் கணக்கு, வீட்டிலிருந்து எவ்வளவு எடுத்து வந்தோம் என்பது அல்ல.

இதே உவமை இன்னொரு புகழ்பெற்ற கணக்குக்கும் உதவும். அலைநீளத்தை நான்கில் மூன்று பங்காகக் குறைத்தால் புதிய பெரும வேகம் என்ன? ஃபோட்டானின் ஆற்றல் மூன்றில் நான்கு மடங்கு ஆகிறது. எனவே வேகம் அதன் வர்க்கமூல மடங்கு என்று தோன்றும். கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் அதுவும் ஒன்றாக இருக்கும், காத்துக்கொண்டிருக்கும். ஆனால் சீட்டின் விலை ஏறவில்லையே! கொண்டுவந்த காசு மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, கூடியது முழுவதும் மிச்சத்தில்தான் சேரும். ஆகவே மிச்சம் மூன்றில் நான்கு மடங்கை விட அதிகம், வேகமும் அந்த வர்க்கமூல மடங்கை விட அதிகம். எவ்வளவு அதிகம் என்பது உலோகத்தைப் பொறுத்தது, அதனால்தான் விடை 'அதை விட அதிகம்' என்ற அளவோடு நிற்கிறது. எண் இல்லாத விடையைக் கண்டால் பிள்ளைகளுக்குப் பயம். அந்தப் பயத்தைப் பற்றிச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

ஒளிச்செறிவைக் கூட்டினால் வேகம் கூடாது என்பதற்கும் இந்த உவமை போதும். ஆட்கள் அதிகம் வருவார்கள், ஒவ்வொருவர் கையிலும் அதே காசுதான். 'பெரும' வேகம் என்று ஏன் சொல்கிறோம் என்பதற்கு மட்டும் உவமையைக் கொஞ்சம் இழுக்க வேண்டும். வாசலுக்கு அருகில் இருப்பவருக்குச் சீட்டுக் காசு மட்டும் போதும். உள்ளே ஆழத்தில் இருக்கும் எலக்ட்ரான் வெளியே வரும் வழியில் மோதி மோதிக் கொஞ்சம் இழந்துவிட்டு வரும். அதனால் சுழியிலிருந்து பெரும மதிப்பு வரை எல்லா வேகத்திலும் எலக்ட்ரான்கள் வரும். நாம் கணக்கிடுவது எதையும் இழக்காமல் வந்த அந்த ஒரு சிலரின் வேகத்தை. 'பெரும' என்ற சொல்லை விட்டுவிட்டு 'எலக்ட்ரானின் வேகம் காண்க' என்று வினாத்தாள் தயாரிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த ஒரு சொல் போனால் கேள்வியே தவறாகிவிடும்.

இன்னொரு சிறு எச்சரிக்கை. மிச்சம் சிறியதாக இருக்கும்போது விடை மிகவும் ஆடும். சீசியத்தின் மீது 500 நானோமீட்டர் ஒளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோட்டானுக்கு 2.48. வெளியேற்று ஆற்றல் 2.14 என்றால் வேகம் 3.46 × 10⁵. வேறு அட்டவணைகளில் சீசியத்துக்கு 1.95 என்று இருக்கும். அப்போது 4.32 × 10⁵. உலோகப் பரப்பின் தன்மையைப் பொறுத்து இந்த மதிப்பு மாறுகிறது. எனவே கேள்வியில் வெளியேற்று ஆற்றலைக் கொடுத்துவிடுங்கள். வெவ்வேறு கையேடுகளைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் இருவருமே சரியாக இருக்கக்கூடும்.

இப்போது நான் சொல்லத் தயங்கும் செய்திக்கு வருகிறேன். இந்த அரங்கில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

முன்பு ஒரு பள்ளியில் பணியாற்றியபோது திருப்புதல் தேர்வுக்கு நானே வினாத்தாள் தயாரித்தேன். சோடியம், 2.3 எலக்ட்ரான் வோல்ட், 350 நானோமீட்டர் ஒளி என்று ஒரு பழைய கணக்கு இருந்தது. பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பார்கள் என்று சோடியத்தை எடுத்துவிட்டுத் துத்தநாகம் என்று போட்டேன், 2.3 இருந்த இடத்தில் 4.3 என்று எழுதினேன். 350 நானோமீட்டரை மாற்றவில்லை. பிறகு விடைக்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ஃபோட்டானின் ஆற்றல் 5.68 × 10⁻¹⁹ ஜூல். வெளியேற்று ஆற்றல் 6.88 × 10⁻¹⁹ ஜூல். வித்தியாசம் 1.20 × 10⁻¹⁹. வேகம் 5.13 × 10⁵ மீட்டர்/வினாடி. நேர்த்தியாக அடிக்கோடு போட்டேன்.

சிலர் சிரிக்கிறீர்கள். கண்டுபிடித்துவிட்டீர்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது தொடக்கப் பள்ளியில் கைக்குப் பழகியது. எது எதிலிருந்து கழிய வேண்டும் என்று என் கை கேட்கவே இல்லை. பொருட்காட்சிக் கணக்கில் சொன்னால், நாற்பத்து மூன்று ரூபாய்ச் சீட்டுக்கு முப்பத்தைந்து ரூபாயோடு வந்தவனை உள்ளே விட்டு, அவனிடம் எட்டு ரூபாய் மிச்சம் இருப்பதாகக் கணக்கு எழுதியிருந்தேன். இங்கே கவனியுங்கள்: கரும்பலகையின் மூலையில் எழுதச் சொன்னேனே, அந்த எண் இந்தத் தவறைப் பிடித்திருக்காது. 5.13 × 10⁵ என்பது பார்வைக்கு மிகவும் ஒழுங்கான விடை. 10¹⁵ என்று எழுதிய மாணவனின் தவறாவது தொலைவிலிருந்தே தெரியும். என்னுடையது சரியான விடையின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றது.

வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் என் விடையையே எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் மூன்று வரி எழுதியிருந்தாள். ஒளியின் ஆற்றல் 3.54 எலக்ட்ரான் வோல்ட். துத்தநாகத்துக்கு 4.3 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். எலக்ட்ரான் வெளிவராது. கீழே வெற்றிடம். நான் ஃபோட்டான் ஆற்றலுக்கு ஒரு மதிப்பெண் போட்டு மற்றதை அடித்தேன்.

தாள்களைக் கொடுத்த அன்று இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "சார், இதுல எலக்ட்ரான் வெளிய வராது சார்" என்றாள். நான் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "கேள்வியில வேகம் கேட்டிருக்கு. வேகத்தைக் கண்டுபிடிச்சு எழுதணும். பாதியில விட்டா யாரும் மார்க் போட மாட்டாங்க" என்றேன். மற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாலையில் பேருந்தில் போகும்போது அந்த இரண்டு எண்கள் மனதில் ஓடின. மூன்று புள்ளி ஐந்து நான்கு, நான்கு புள்ளி மூன்று. நான் ஜூலிலேயே போட்டதால் பத்தின் அடுக்குகளுக்குள் மறைந்திருந்தது அவள் எழுதிய விதத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஆய்வகத்தில் துத்தநாகத் தகடு செய்முறையை நானே காட்டியிருக்கிறேன். தங்க இலை மின்காட்டியின் மேல் தேய்த்துச் சுத்தம் செய்த துத்தநாகத் தகடு, எதிர் மின்னூட்டம், புற ஊதா விளக்கு. இலை இறங்கும். குறுக்கே சாதாரணக் கண்ணாடியை வைத்தால் இறங்குவது நின்றுவிடும். 350 நானோமீட்டர் ஒளியில் பெரும்பகுதி அந்தக் கண்ணாடிக்குள் புகுந்து வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் துத்தநாகத்துக்கு 288 நானோமீட்டரை விடக் குறைந்த அலைநீளம் வேண்டும். கண்ணாடி வைத்தால் நிற்கிறது என்று கையால் காட்டிய ஆசிரியர், அதே ஒளியில் எலக்ட்ரான் வருவதாகக் கணக்கு கொடுத்திருக்கிறார். செய்முறை ஒரு பெட்டி, கணக்கு வேறு பெட்டி. பிள்ளைகளைக் குறை சொல்கிறோம், என் தலைக்குள்ளும் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். கேள்வி தவறு, விடைக்குறிப்பு தவறு, வகுப்பில் சரியாக எழுதியது ஒருவர்தான் என்று. அவள் தாளை வாங்கி மூன்று மதிப்பெண் போட்டேன். "அப்போ எங்களுக்கு சார்?" என்று ஒரு குரல். அடிப்பதாகச் சொன்னேன். "உங்க ஆன்சரும் அதுதானே சார்" என்றான் ஒரு பையன். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. யாருடைய மதிப்பெண்ணையும் அடிக்கவில்லை. அந்த மாணவி தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. தேர்வில் நன்றாகத் தேறினாள். ஆனால் அந்த ஆண்டு முடியும் வரை ஒரு சந்தேகம் கேட்கவும் ஆசிரியர் அறைப் பக்கம் வரவில்லை.

அந்தக் கேள்வியை நான் திருத்தவில்லை. துத்தநாகம், 4.3 எலக்ட்ரான் வோல்ட், 350 நானோமீட்டர், பெரும வேகத்தைக் காண்க, மூன்று மதிப்பெண். இப்போது தெரிந்தே ஆண்டுதோறும் வகுப்புத் தேர்வில் கொடுக்கிறேன், பொதுத்தேர்வுக்கு வெகுமுன்பே, மதிப்பெண் பட்டியலில் சேராத தேர்வில். ஏமாற்றும் கேள்வி என்று சிலர் சொல்லலாம். ஆனால் அதன் மூலம் எனக்குத் தெரியவந்தவை பல. கழித்தல் குறி வந்தது தெரியாமல் எழுதுபவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களுக்குத் தெரிகிறது. ஒரு மாணவனின் தாளில் 'மதிப்பு எதிர்க்குறியில் வருகிறது, எனவே உமிழ்வு இல்லை' என்று எழுதி, அதைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே 5.13 × 10⁵ என்று எழுதியிருந்தது. ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "கொஸ்டின்ல வேகம் கேட்டிருக்கு சார். நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சேன்" என்றான். எண் இல்லாத விடைக்குப் பயம் என்று சொன்னேனே, இதைத்தான் சொன்னேன். தன் கணக்கை விட வினாத்தாளை அவன் அதிகம் நம்புகிறான். அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன், ஆசிரியர் அறை வாசலில் வைத்தே கொடுத்தேன்.

அதனால் வகுப்பில் இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். 'வேகம் என்ன' என்ற கேள்விக்கு முன்னால் 'வெளிவருமா' என்ற கேள்வி. வெளியேற்று ஆற்றல் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒருவர் அலைநீளம் சொல்ல, அடுத்தவர் ஓர் உலோகம் சொல்ல, மூன்றாமவர் 'வரும்', 'வராது' என்று மட்டும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட விளையாட்டு. கடைசி பெஞ்சும் கலந்துகொள்ளும். இரண்டு நாள் இப்படிப் போன பிறகுதான் வர்க்கமூலத்தையே தொடுகிறேன். விடைக்குறிப்பிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: எலக்ட்ரான் வெளியேறுமா என்று முதலில் ஒப்பிட்டு எழுதியிருந்தால் அரை மதிப்பெண். நம் பள்ளி அளவிலான தேர்வுகளில் இதைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உங்கள் கையில் இருக்கும் தாளில் ஐந்து கணக்குகள் இருக்கின்றன. ஐந்திலும் பெரும வேகம்தான் கேட்டிருக்கிறேன். அவற்றில் எத்தனையில் எலக்ட்ரான் வெளிவராது என்று சொல்லப்போவதில்லை. கால்குலேட்டர் வேண்டாம், முதலில் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவரோடு விடை ஒத்துவரவில்லை என்றால் உடனே அழிக்காமல் என்னைக் கூப்பிடுங்கள், இந்தத் தாளையும் நான்தான் தயாரித்திருக்கிறேன்.